க்ரைம் நாவல் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்ரைம் நாவலைக் கையில் எடுத்ததுமே பலரும் கொலையாளியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்றைய நாவல்களின் ருசியைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதல் இடம். ஒரு காலத்தில் துப்பறியும் கதை என்றாலே வாசகருக்கு விடும் சவால்தான். அதற்கென்று 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகளே வகுத்தார். இப்போது எழுதுபவர்களில் பலர் ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள்.

ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' 2005-இல் வந்தது. கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை எப்படி மறைக்கிறார், எதற்காக மறைக்கிறார் என்பதுதான் கதை. அன்று எங்கே இருந்தீர்கள் என்று போலீஸ் விசாரிக்கும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். அதற்கு மேல் சொன்னால் உங்களுக்குத்தான் நஷ்டம். இதே காரணத்துக்காக, படித்து முடிக்கும்வரை விமர்சனங்கள் பக்கம் போகாதீர்கள். பின்னட்டையைக்கூட மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

அடுத்த தவறு, மெதுவாக நகரும் பக்கங்களைத் தாண்டிப் போவது. ஸ்வீடனின் மாய் ஷேவாலும் பெர் வாலேயும் சேர்ந்து 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். முதல் நாவலான 'ரோசன்னா'வில், கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் பெயர் தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. போலீஸ்காரர்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள், சலித்துப்போகிறார்கள், மறுபடி ஃபைலைப் புரட்டுகிறார்கள். அந்தக் காத்திருப்பையும் கூடவே அனுபவித்தால்தான் கடைசியில் வரும் பதற்றம் நம்மைத் தொற்றும். ஒரு சமூகம் எப்படி இயங்குகிறது என்பதும் இந்த இடைப்பட்ட பக்கங்களில்தான் தெரிகிறது. எனக்கு இந்த வகை எழுத்தின் மீது இவ்வளவு பிரியம் இருப்பதற்கு அதுவே காரணம்.

'நான்' என்று கதை சொல்பவரை அப்படியே நம்பிவிடுவதும் வேண்டாம். எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பாருங்கள்.

தொடர் நாவல்களைக் கண்டபடி எடுத்துப் படிப்பதிலும் இழப்பு உண்டு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் ராங்கினின் போலீஸ் துப்பறிவாளர் ஜான் ரீபஸ் 1987-இல் அறிமுகமானார். அவருக்கு நாவலுக்கு நாவல் வயது ஏறுகிறது. 2007-இல் வந்த நாவலில் ஓய்வுபெறும் நாளுக்கே வந்துவிடுகிறார். வரிசையாகப் படித்தவருக்குத்தான் அந்தக் கனம் தெரியும். முதல் நாவல் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அங்கிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம், வெளிநாட்டுப் பெயர்கள் குழப்புகின்றன என்று பாதியில் மூடிவைக்காதீர்கள். ஒரு துண்டுத்தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று குறித்துக்கொண்டால் சில அத்தியாயங்களிலேயே பழகிவிடும்.