சின்னம் சரி, ஐசி காலின் எண் எங்கே?

லாஜிக் கேட் (0, 1 இன்புட்டுகளைப் பார்த்து ஒரு 0 அல்லது 1 தரும் சர்க்யூட்) சின்னங்களில் ஆண்ட் கேட்டின் முதுகு நேர்கோடு, ஆர் கேட்டின் முதுகு வளைவு. இதில் வரும் குழப்பம் ஒரு வாரத்தில் தானாகத் தீர்ந்துவிடும். ஐசியையே (கேட்டுகள் அடங்கிய சிப்) பலி வாங்கும் தவறு வேறொன்று. ஒவ்வொரு புது மாணவர் பேட்சும் தவறாமல் செய்வதால், எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

சின்னத்தைப் பார்த்தே வயர் இழுப்பது

காகிதத்தில் நேண்டும் (ஆண்டின் எதிர்) நாரும் (ஆரின் எதிர்) ஒரே மாதிரிதான்: இடப்பக்கம் இரண்டு இன்புட், வலப்பக்கம் ஒரு அவுட்புட். ஐசிக்குள் அப்படி இல்லை. நேண்ட் ஐசியான 7400-இல் 1, 2 பின்கள் (கால்கள்) இன்புட், 3 அவுட்புட். நார் ஐசியான 7402-இல் 1-ஆம் பின் அவுட்புட். 2, 3 இன்புட். நேண்டுக்குப் பழகிய கை, 74ஹெச்சி02-இன் (7402-இன் 74ஹெச்சி வகை) 1, 2 பின்களில் ஸ்விட்சையும் 3-இல் எல்இடியையும் மாட்டிவிடும். எல்இடி எரியாது. இரண்டு ஸ்விட்சையும் 0-இல் வைத்தால் நார் கேட் 1-ஆம் பின்னில் 5 வோல்ட் தரப் பார்க்கும். ஸ்விட்ச் அதை நேராகத் தரையில் (0 வோல்ட்) இணைத்திருக்கும். ஐசி சுடத் தொடங்கும். எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐசியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

இதைவிட ஏமாற்றுவது 7400 கிடைக்காமல் சிடி4011 வாங்கிச் செருகுவது. இரண்டும் நான்கு நேண்ட் கேட்டுகள்தான். இரண்டிலும் 14 சப்ளை, 7 தரை. முதல் கேட்டைச் சோதித்தால் சரியாக வேலை செய்யும், நான்காவதும் அப்படியே. நடுவில் உள்ள இரண்டும்தான் மாறியிருக்கும்: 7400-இல் 4, 5 இன்புட், 6 அவுட்புட், 4011-இல் 5, 6 இன்புட், 4 அவுட்புட். மூன்றாவது கேட்டில் 7400-க்கு அவுட்புட் 8, 4011-க்கு 10. பாதி சர்க்யூட் ஓடுவதால் ஐசி மேல் சந்தேகமே வராது.

எனவே வரைபடத்தில் ஒவ்வொரு சின்னத்தின் காலிலும் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) பார்த்துப் பின் எண்ணை எழுதுங்கள். உள்ளே ஐசி எண்ணையும் கேட்டின் எழுத்தையும் குறியுங்கள்: யு1ஏ, யு1பி. அதற்குப் பிறகே வயரை வெட்டுங்கள். 74ஹெச்சி வகையில் ஸ்விட்சுக்கும் பின்னுக்கும் நடுவே 1 கிலோ ஓம் போட்டுவிட்டால், தவறான பின்னில் மாட்டினாலும் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.

குமிழ் இன்புட்டில் இருந்தால்

ஆர் சின்னத்தின் இரண்டு இன்புட்டிலும் குமிழ் (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் சிறு வட்டம்) இருந்தால், அதற்காக 7432-உம் (ஆர்) 7404-உம் (நாட்) வாங்க வேண்டாம். டி மார்கன் விதிப்படி (இன்புட்டுகளைத் தலைகீழாக்கிய ஆரும் நேண்டும் ஒன்றே) அது நேண்ட். 7400-இல் ஒரு கேட் போதும். இன்புட் 0 ஆகும்போதுதான் அங்கே வேலை நடக்கிறது என்று காட்டவே அப்படி வரைகிறார்கள்.

செவ்வகத்துக்குள் ≥1

சில வரைபடங்களில் கேட் செவ்வகமாக இருக்கும். உள்ளே ≥1 என்றிருந்தால் ஆர் கேட், =1 என்றிருந்தால் எக்ஸ்ஆர் (இரண்டு இன்புட்டும் வேறுபட்டால் மட்டும் 1).

வரையாத சப்ளை

சின்னத்தில் இல்லாவிட்டாலும் 14-ஆம் பின்னும் (சப்ளை) 7-ஆம் பின்னும் (தரை) உண்டு. இரண்டுக்கும் நடுவே, ஐசியை ஒட்டி, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்.

வரையாத கேட்

நான்கில் இரண்டுதான் தேவை என்றால், சிமாஸ் ஐசியில் (74ஹெச்சி, சிடி4011 போன்றவை) மீதி இரண்டின் இன்புட்டுகளைத் தரையில் கட்டுங்கள். அவுட்புட்டுகளை மட்டும் சும்மா விடுங்கள்.