பாறை ஏறும் போட்டிக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் கவனத்துக்கு

காட்பாடிப் பக்கத்துப் பசங்க நாலு பேர், ஜனவரியில் போல்டரிங் (கயிறில்லாமல் சிறு பாறைகளில் ஏறுவது) போட்டி வைக்கப்போகிறோம் என்று விதித்தாளோடு வந்தார்கள். முதல் வரியைப் படித்ததுமே எனக்குப் பகீர் என்றது. 'பாறைக்கு 1000 புள்ளி, ஏறியவர்களுக்குள் பங்கு.' என் முதல் போட்டிக்கு நான் எழுதிய அதே வரி. க்ராஷ் பேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை), முதலுதவி எல்லாம் அவர்களுக்கே தெரியும். நேராக மதிப்பெண்ணில் நடக்கும் தவறுகளுக்கு வருகிறேன்.

ஆயிரத்தைப் பங்கு போடுவது

ஒவ்வொரு பாறைக்கும் 1000 புள்ளி. எத்தனை பேர் உச்சி தொட்டார்களோ அத்தனையால் வகுத்துக் கொடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எது கடினம் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஏறுகிறவர்களே முடிவு செய்துவிடுவார்கள். நானும் அதில்தான் மயங்கினேன்.

அன்று 'ஆமை' என்று பேர் வைத்திருந்த பாறையை ஒரே ஒருவர்தான் டாப் செய்தார், அதாவது உச்சி தொட்டார். முழு 1000. மற்ற பாறைகளில் 450. மொத்தம் 1450, முதலிடம். அடுத்தவருக்கு 1200, ஆமை அவருக்கு மசியவில்லை. கோப்பையும் ஆற்காடு மக்கன்பேடா டப்பாவும் கொடுத்து, கைதட்டி முடித்தாச்சு. அப்போது ஒரு பையன் ஓடி வந்தான். "அண்ணே, என் ஸ்கோர் கார்டு பேக்லயே இருந்துடுச்சு!"

அவன் டாப் செய்திருந்தது ஆமை ஒன்றைத்தான். நடுவர் கையெழுத்தும் இருந்தது. ஆயிரம் இரண்டாகப் பிரிந்தது. முதலிடத்துக்காரர் 950க்கு இறங்கினார், 1200காரர் மேலே வந்துவிட்டார். இத்தனைக்கும் இருவரும் அதற்குள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையைத் திருப்பிக் கேட்கப் போனவன் நான். மக்கன்பேடாவைக் கேட்கவில்லை, அது பாதி தீர்ந்திருந்தது. அதற்கப்புறம் அவர் எங்கள் போட்டிப் பக்கமே வரவில்லை.

பாறைக்கு இத்தனை என்று நிலையான புள்ளி வைத்திருந்தால், அந்தக் கார்டு அந்தப் பையனின் கணக்கை மட்டும்தான் மாற்றியிருக்கும். பங்கு முறையில் ஒரு கார்டு மற்றவர்கள் கணக்கையும் கலைத்துவிடும். நடுவில் யார் முன்னிலை என்று மைக்கில் சொன்னாலும் நிற்காது. ஆண், பெண் பிரிவுகளைத் தனித்தனியே வகுக்க மறந்தால் இன்னொரு பஞ்சாயத்து. சரி, அந்த முறைதான் வேண்டும் என்றால், கொடுத்த கார்டு அத்தனையும் திரும்பி வரும்வரை பரிசு மேசைப் பக்கம் போகாதீர்கள்.

உலகக் கோப்பை முறையை அப்படியே எடுப்பது

2025 முதல் உலகக் கோப்பை போல்டரிங்கில் டாப்புக்கு 25, ஜோனுக்கு (உச்சிக்கு முன்னால் வழியில் குறித்து வைத்த பிடி) 10, அதற்கு முன் தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் 0.1 கழிவு. மூன்றாம் முயற்சியில் டாப் என்றால் 24.8. (ஜோனின் 10 அந்த 25க்குள் அடக்கம். கூட்டி 35 போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.) நல்ல முறைதான். ஆனால் முயற்சியை எண்ண ஒவ்வொரு பாறையடியிலும் ஓர் ஆள் வேண்டும். அறுபது பேர் இஷ்டத்துக்குச் சுற்றி ஏறும்போது யார் எண்ணுவது? இறுதிச்சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தகுதிச்சுற்றில் டாப்பும் ஜோனும் போதும்.

ஜோனே வைக்காதது

பாதிப் பேர் பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

வெயிலைக் கணக்கில் எடுக்காதது

நம் வேலூர்ப் பாறையில் காலை ஏழு மணிக்கு ஒட்டும் கை, பதினோரு மணிக்கு வியர்த்து வழுக்கும். முயற்சியை எண்ணுகிறீர்கள் என்றால் ஒரு பிரிவு முழுவதையும் ஒரே நேரத்தில் ஏற விடுங்கள்.

சமநிலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது

பார்த்துக்கொள்ள முடியாது. யாரும் தொடாத பாறை ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.