பீச் ரிசார்ட் புக் செய்யும் முன்: முதலில் கடல், அப்புறம்தான் அறை

2024 நவம்பரில் எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்காக ஈசிஆரில் ஒரு பெரிய ரிசார்ட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயது மகள், முழங்கால் வலியோடு அத்தை. அறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுநாள் விடிந்ததும் மகள் வாளியையும் குட்டி மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். புல்தரை முடிகிற இடத்தில் ஒரு சங்கிலி கட்டியிருந்தது. அதைத் தாண்டி எட்டுப் படிகள். மேலிருந்து மூன்றாவது படி வரைக்கும் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மணல் என்று ஒன்று இல்லவே இல்லை, கருங்கல்தான் கிடந்தது. "அம்மா, பீச் எங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்: "ஜனவரிக்கு மேல மணல் வந்துரும் மேடம்."

அந்த ஒரு வரி அன்று முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. வெப்சைட்டில் பார்த்த படம் பொய்யில்லை. அகலமான மணல், குடை, நாற்காலி எல்லாம் உண்மைதான். மார்ச்சில் எடுத்த படமாக இருந்திருக்கும். நாங்கள் போனது நவம்பரில். ஐந்து நட்சத்திரம் என்பது அறைக்கும் வசதிகளுக்கும் சேவைக்கும் கொடுக்கிற தரம். எதிரே இருக்கிற கடல் எப்படி என்று அது சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். 2025 பிப்ரவரியில் அதே முறையில் தேடி வேறு ஓர் இடத்துக்குப் போனோம், நிறைவாக இருந்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி வரையிலான கடற்கரையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: மாதம்

இந்தக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும், மணல் குறுகிவிடும். மே மாதக் கத்திரியில் காலை ஒன்பது மணிக்கு மேல் மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. குழந்தைகளுக்கு மிஞ்சுவது நீச்சல் குளம் மட்டும்தான்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் கரையில் சூரியன் கடலில் உதிக்குமே தவிர, கடலில் மறையாது. அலைமேல் அஸ்தமனம் பார்க்கும் ஆசை இருந்தால் கேரளாவில் வர்க்கலா பக்கம்தான் போக வேண்டும். இங்கே அதற்கு ஈடாக ஒன்று உண்டு: பௌர்ணமி. பொழுது சாயும் நேரத்தில் முழு நிலா நேராகக் கடலுக்குள்ளிருந்து எழும்பி வரும். கரையில் விருந்து ஏற்பாடு செய்வதாக இருந்தால் முதலில் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள்.

படி 2: மணல் இருக்கிறதா?

நான் ஏமாந்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லேப்டாப்பில் கூகுள் எர்த் ப்ரோ போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். சாதாரண கூகுள் மேப்ஸ் இதற்கு உதவாது. அதில் கிடைப்பது ஏதோ ஒரு நாளின் படம், நமக்கு வேண்டியது பல நாட்களின் படங்கள். ரிசார்ட்டைத் தேடிப் போனதும் மேலே கடிகாரம் போட்ட ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் வருஷங்களைக் காட்டும் ஒரு கோடு வரும். அதைப் பின்னால் தள்ளத் தள்ளப் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கும்.

இங்கே பலரும் செய்கிற தப்பு, வருஷத்தை மட்டும் பார்ப்பது. நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். மாதத்தைப் பாருங்கள். நீங்கள் போகப்போகிற மாதத்திலோ அதை ஒட்டியோ எடுத்த படங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். பிறகு ரூலர் கருவியை எடுத்து, ரிசார்ட்டின் காம்பவுண்டு சுவரிலிருந்து ஈர மணல் தொடங்கும் இடம் வரைக்கும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். படம் எடுத்த நேரத்தில் ஏற்றமா வற்றமா என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் ஏற்ற வற்றத்துக்கு நடுவே நீர்மட்டம் மாறுவது சுமார் ஒரு மீட்டர்தான். கிடைத்த அளவுகளில் மிகக் குறைவானது 30 மீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவேன். இது என் சொந்தக் கணக்கு. பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் நாற்காலி போட, மற்றவர்கள் நடந்துபோக அவ்வளவாவது வேண்டும்.

அடுத்து, அதே படத்தில் ரிசார்ட்டுக்குத் தெற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு கல்சுவரோ தூண்டில் வளைவோ தெரிகிறதா? இந்தக் கரையில் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல் மறித்தால் அதன் தென்பக்கம் மணல் குவியும், வடபக்கம் அரிக்கும். புதுச்சேரியில் நடந்ததும் இதுதான். 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்களுக்கு வடக்கே, நகரத்தின் மணல் கரைந்துபோய்க் கருங்கல்லைக் கொட்ட வேண்டி வந்தது. ரொம்ப காலத்துக்குப் பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டதும்தான் கொஞ்சம் மணல் திரும்பியது. ஆகவே கல்லுக்கு வடக்கே ஒட்டினாற்போல இருக்கும் ரிசார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

"பிரைவேட் பீச்" என்று விளம்பரம் இருந்தால் அதற்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். அலை வந்து போகிற மணல் யாருடைய சொத்தும் இல்லை. ரிசார்ட் வழியாக நேரே இறங்கலாம், அவ்வளவுதான் அதற்குப் பொருள். கட்டுமரமும் ஃபைபர் படகும் ஏற்றி வைக்க மீனவர்களுக்கு அந்த மணல்மேல் இருக்கிற உரிமை நம்முடையதைவிடப் பழையது.

படி 3: கடலில் இறங்கலாமா?

மணல் இருந்தாலே குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. இங்கே பல இடங்களில் கரை சட்டென்று சரியும். நான்கு எட்டு வைத்தால் இடுப்பளவு தண்ணீர். அதோடு உள்ளே இழுக்கும் நீரோட்டம். மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். மேட்டிலிருந்து ஒரு பத்து நிமிஷம் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக அலை உடைகிறது, நடுவில் ஓர் இடம் மட்டும் அலையில்லாமல் இருண்டு அமைதியாகத் தெரிகிறது என்றால் அதுதான் ஆபத்தான இடம். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அமைதியாக இருக்கிறதே என்று ஏமாந்து குழந்தையை அங்கேதான் கூட்டிப்போவோம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையைத் தாண்டிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

வானம் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நேரம் அது. எங்கோ தூரக் கடலில் அடிக்கிற புயல்காற்று கிளப்பிவிடும் பேரலை, இங்கே மழையோ காற்றோ இல்லாமலே வந்து ஏறும், அதுதான் கள்ளக்கடல். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கெல்லாம் முன்னறிவிப்பு கொடுக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்கள் வெப்சைட்டில் பார்ப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

அதைவிட நம்பகமான ஆள் கரையிலேயே இருக்கிறார். பிப்ரவரியில் போனபோது வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, பாப்பா இறங்கலாமா?" என்று கேட்டேன். தலையைத் தூக்கித் தண்ணீரை ஒரு பார்வை பார்த்தார். "இங்க வேணாம்மா, பள்ளம் இருக்கு. அந்தப் படகு நிக்குது பாரு, அதுக்கு அந்தாண்ட போங்க. முட்டி அளவுக்கு மேல வேணாம்." அப்படியே செய்தோம். மகள் ஒன்றரை மணி நேரம் தண்ணீரை விட்டு வரவில்லை.

ரிசார்ட் எதிரே இறங்க முடியாது என்று தெரிந்தால் பக்கத்தில் கோவளம் இருக்கிறது. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் (ப்ளூ ஃப்ளாக்) சான்றை 2021இல் பெற்ற கடற்கரை. குளிப்பதற்கென்று எல்லை குறித்த இடமும் உயிர்காப்பாளர்களும் உண்டு.

படி 4: அறை

"சீ ஃபேசிங்" என்றால் அறை கடல் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுதான் அர்த்தம். நடுவில் சவுக்குத் தோப்பு இருக்கலாம். "சீ வியூ" என்றாலும் பால்கனிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால்தான் தெரியலாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "கட்டிலில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா?"

தனிக் குளம் வைத்த வில்லா ஜோடிகளுக்கு நல்ல தேர்வு, கொடுத்த காசு வீண்போகாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். படுக்கையறைக் கதவுக்கும் தண்ணீருக்கும் நடுவே பல இடங்களில் வேலி கிடையாது. நாம் தூங்குகிற நேரத்தில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

ரிவ்யூக்களில் நான்கு நட்சத்திரமும் ஐந்து நட்சத்திரமும் படிக்க மாட்டேன். புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைப் படிப்பேன். விருந்தினர்கள் எடுத்த படங்களை மட்டும் பார்ப்பேன், அதுவும் நான் போகிற மாதத்தில் எடுத்தவை.

படி 5: முகூர்த்தக் காலண்டர்

தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் புரட்டிப் பாருங்கள். முகூர்த்த நாளும் சனி ஞாயிறும் சேர்ந்தால் ஈசிஆர் ரிசார்ட்டின் புல்தரை கல்யாண வீடாகிவிடும். பந்தல் ஆணி அடிப்பதிலிருந்து டிஜே வரைக்கும் காதில் விழும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சின்னக் குழந்தை எட்டு மணிக்கே தூங்க வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் அமைதி கிடைக்கும், வெயில் மட்டும் கொஞ்சம் இருக்கும். மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் புத்தாண்டுக் கூட்டம் வந்துவிடும்.

படி 6: போன் பண்ணுங்கள்

ஆப்பில் விலை பார்த்துக்கொண்டு, ரிசார்ட்டுக்கே நேராகப் போன் செய்யுங்கள். முன்பதிவு மையம் வேண்டாம், வரவேற்பு மேசையில் இருப்பவரைக் கேளுங்கள். கடலை தினமும் பார்ப்பவர் அவர்தான். நான் கேட்பவை:

- இன்றைக்கு மணல் எவ்வளவு தூரம் இருக்கிறது? ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா?
- குளத்தில் உயிர்காப்பாளர் எத்தனை மணிவரை? குழந்தைகள் குளத்தின் ஆழம் என்ன?
- நாங்கள் வரும் தேதியில் கல்யாணம், கம்பெனி விழா ஏதும் உண்டா?
- அறையிலிருந்து மணலுக்கு எத்தனை படி? கைப்பிடி இருக்கிறதா?
- எக்ஸ்ட்ரா பெட் என்றால் கட்டிலா, தரையில் மெத்தையா? எத்தனை வயதுவரை இலவசம்?

போட்டோ கேட்டதும் தயங்காமல் அனுப்புகிற இடத்தில் பாதிக் கவலை தீர்ந்தது.

படி 7: பில்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆகவே 14,000 ரூபாய் அறை என்றால் கையிலிருந்து போவது 16,520. இப்படிப்பட்ட ரிசார்ட்டுக்குள் இருக்கும் உணவகத்திலும் 18 சதவீதம்தான் போடுவார்கள், வெளியே சாதாரண ஹோட்டலில் 5. நாலு பேர் மூன்று வேளை சாப்பிட்டால் வித்தியாசம் தெரியும். காலை உணவு சேர்ந்த கட்டணமாக எடுத்துக்கொண்டு, மதியம் வெளியே சாப்பிடுவது எங்களுக்குச் சரிப்பட்டது.

பின்சேர்க்கை 1: கூகுள் எர்த்தில் தன் ரிசார்ட் இருக்கும் இடத்தில் நவம்பர் படமே இல்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். மேகம் மூடிய மாதங்கள் என்பதால் அப்படி ஆகும். டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரப் படங்களைப் பாருங்கள். மழைக்காலம் அரித்தது அப்போதும் முழுசாகத் திரும்பியிருக்காது.

பின்சேர்க்கை 2: மே மாதம் போய், மெனுவில் போட்டிருந்த மீன் பாதி கிடைக்கவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மீன் இனப்பெருக்கத்துக்காக. சின்னப் படகுகள் போகும், அதனால் அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டு வாங்குங்கள். கேட்காமல் ஆர்டர் செய்தால் வருவது ஃப்ரீசர் மீனாக இருக்கலாம்.

பின்சேர்க்கை 3: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகிற கரை இது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் சுபாவம் கொண்டவை. கடல் பக்கம் பளிச்சென்று விளக்கு எரிந்தால் கடலை விட்டு ரிசார்ட்டுக்குள் ஊர்ந்து வந்து செத்துப்போகும். "ராத்திரி கடல் பக்க விளக்கை அணைப்பீர்களா?" என்ற கேள்வியை இப்போது என் பட்டியலில் முதலாவதாக வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் நாங்கள் தங்கிய இடத்தில் பத்து மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்தார்கள். அத்தை பால்கனியில் நாற்காலியைப் போட்டு, இருட்டில் அலைச் சத்தம் கேட்டபடி பதினொன்று வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.