கட்டுக்கம்பியைத் தேடுங்கள்: பட்டறையில் ஆபத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கமுள்ள சின்னப் பட்டறைகளுக்கு மெஷின் மெயின்டனன்ஸ் செய்துகொடுப்பது என் தொழில். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் இடங்களில் ஆடிட் நெருங்கினால் போன் வரும். "அண்ணா, ரிஸ்க் அசெஸ்மென்ட் ஷீட் கேக்கறாங்க, ஒண்ணு போட்டுக் குடுங்க." பட்டறையில் என்னென்ன ஆபத்து, அதை யார் எப்படிச் சரிசெய்வது என்று எழுதும் பட்டியல் அது. போட்டுக் கொடுக்கலாம். ஆனால் ஆபிஸில் உட்கார்ந்து போட்ட ஷீட்டில் 'வழுக்கி விழுதல், கண்ணாடி அணியவும்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது.

முதலில் ஷிப்ட் ஓடும்போது பேப்பர் இல்லாமல் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலிப் பட்டறையைச் சுற்றிப் பார்த்துப் பயனில்லை. ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது, பீஸ் கணக்கு முடிக்க எல்லோரும் வேகம் எடுக்கும் நேரம்தான் சரி. நீங்கள் தேட வேண்டியது கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், மடித்துச் செருகிய அட்டை, முட்டுக் கொடுத்த மரக்கட்டை, பனியன் வேஸ்ட் சுற்றிய கைப்பிடி. மெஷின் கொடுத்த தொல்லைக்கு ஆபரேட்டர் தானே ஒரு வழி பண்ணிக்கொண்ட இடங்கள் அவை. பெரும்பாலும் அங்கேதான் விரல் போகும்.

தகட்டை டையில் (அச்சில்) வைத்து அடிக்கும் பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். டைக்கு முன்னால் இருக்க வேண்டிய கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு, கம்பியால் மேலே தூக்கிக் கட்டியிருக்கும். உடனே ஆபரேட்டரைத் திட்டாமல், ஏன் கட்டினீர்கள் என்று கேளுங்கள். "பீஸ் டையிலேயே ஒட்டிக்குதுங்க, ஒவ்வொரு தடவையும் விரல் விட்டுத் தள்ள வேண்டியிருக்கு" என்பார். ஆக, கோளாறு டையில். பீஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை எஜெக்டரே இருக்காது. டூல் ரூமில் அதைச் சரிசெய்யுங்கள், அல்லது பீஸைத் தள்ளிவிட ஒரு ஏர் ஜெட் வையுங்கள். கையை உள்ளே விட வேண்டிய தேவை போனால் கார்டைக் கீழே இறக்க யாரும் மறுக்க மாட்டார்கள். அதை விட்டு 'கார்டைக் கழற்றாதே' என்று போர்டு மாட்டினால் போர்டுக்குப் பின்னாலேயே கம்பியைக் கட்டுவார்கள்.

பிரஸ்ஸில் இன்னொன்று. சின்னப் பட்டறைகளில் அதிகம் இருப்பது கீ கிளட்ச் வகை; சுற்றிக்கொண்டிருக்கும் கனமான சக்கரத்தோடு (ஃப்ளைவீல்) பிரஸ்ஸின் தண்டை ஒரு கீ பூட்டிவிடும். பெடலை அமுக்கிவிட்டால் ஸ்ட்ரோக் முழுதாக முடிந்துதான் நிற்கும். பாதியில் நிறுத்த வழியே கிடையாது. கீயோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டால் ஒரு அமுக்குக்கு இரண்டு அடி விழும். 'எப்பவாவது டபுள் அடிக்கும்' என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே மெயினை ஆஃப் செய்து பூட்டுங்கள். ஆர்டர் நாளைக்குப் போகட்டும். பெடலின் மேல் தகடு மூடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேலிருந்து ஸ்பேனர் விழுந்தாலும் பிரஸ் அடித்துவிடும்.

அடுத்து பெஞ்ச் கிரைண்டர். எல்லாப் பட்டறையிலும் மூலையில் ஒன்று இருக்கும், அதற்குப் பொறுப்பாளர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். 200 மி.மீ. வீல் 2800 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் தேயத் தேய, ஜாப்பை (தீட்டும் பொருளை) வைக்கும் டூல் ரெஸ்ட்டை உள்ளே நகர்த்த வேண்டும். வீலுக்கும் அதற்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் சின்ன ஜாப் உள்ளே இழுபட்டு வீலே உடையும். புது வீல் மாட்டுமுன் அதில் எழுதியிருக்கும் ஆர்பிஎம், மோட்டார் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்றால் மாட்டலாம். மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல், உடைத்துக் குப்பையில் போடுங்கள். மாட்டியபின் கார்டோடு ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிடுங்கள், நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கரண்ட் போய் வரும் நேரத்தை மறந்துவிடுவார்கள். டிரில்லிங் மெஷினுக்கு வெறும் திருகு சுவிட்ச் மட்டும் போட்டிருந்தால், கரண்ட் போனபோது ஆன் நிலையிலேயே விட்ட மெஷின், திரும்பி வந்ததும் தானாக ஓடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் பிட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார். கரண்ட் போனதும் இணைப்பைத் தானே துண்டிக்கும் நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் போட்டால் பச்சை பட்டனை மறுபடி அமுக்காமல் மெஷின் எழாது. ஒரு பட்டறைக்கு முதல் செலவு எது என்று கேட்டால், கண்ணாடி, ஹெல்மெட்டுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

ரிப்பேர் வேலைக்கு ஐசொலேட்டரை (அந்த மெஷினின் மெயின் சுவிட்சை) ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். சாவி வேலை செய்பவர் பாக்கெட்டில் இருக்கட்டும். பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், வேறு மெஷினின் ஐசொலேட்டரைப் பூட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். கரண்ட் போனாலும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும், ஏர் லைனில் பிரஷர் நிற்கும். இரண்டும் அடங்கிய பிறகு கை வையுங்கள்.

லேத்தில் நான்கே விஷயம்: கையுறை கூடாது, ஜாப்பைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு நகரக் கூடாது, ஸ்பிண்டிலுக்குப் பின்னால் நீளமான ராடு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, வெட்டும்போது வரும் உலோகச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது. சக் கீக்கு ஸ்பிரிங் வைத்து, கை எடுத்ததும் தானே வெளியே வருவதுபோல் செய்துவிட்டால் ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை. மணிக்கட்டில் கட்டிய சாமிக்கயிறும் மெஷினில் மாட்டும்; அறுக்கச் சொன்னால் சண்டை வரும். முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெதுவாகக் கெடுப்பவையும் உண்டு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. திங்கட்கிழமை காலை கூலண்ட் (வெட்டும் இடத்தில் ஊற்றும் குளிரூட்டி) நாறினால் பாக்டீரியா. டேங்கைக் கழுவாமல் மேலே புது கூலண்ட் ஊற்றுவது வீண். ஜிங்க் பூசிய ஜிஐ பைப்பை வெல்டிங் செய்தவருக்கு அன்றிரவு காய்ச்சல் வந்தால் ஜிங்க் புகைதான் காரணமாக இருக்கும்; வெல்டிங் இடத்தில் கோட்டிங்கைத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது ஷீட்டை எடுங்கள். அடிக்கடி நடப்பதை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் கைக்கீறல்தான் முதலில் வரும். கை போகக்கூடியது, உயிர் போகக்கூடியது எவையோ, அவை வருடத்துக்கு ஒருமுறை நடந்தாலும் மேலே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரிசெய்பவர் பெயரும் தேதியும் வேண்டும். 'நிர்வாகம்' என்று எழுதினால் ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பையன்களுக்குத் தமிழ் போர்டு உதவாது, ஹிந்தி போர்டும் எல்லோருக்கும் உதவாது. புதிதாகச் சேர்ந்தவரை மெஷின் முன் நிறுத்தி, 'நிறுத்து' என்று சைகை காட்டுங்கள். அவர் கை நேராக ஸ்டாப் பட்டனுக்குப் போகிறதா என்று பாருங்கள். எட்டித் தேடினால் பட்டனை அவர் நிற்கும் பக்கம் மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.