பழைய வெஸ்டிங்ஹவுஸ் கருவியின் வயதைப் பெயர்த்தகட்டிலிருந்து கணிக்கும் முறை

அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த பழைய மின்விசிறியோ மோட்டாரோ மீட்டரோ கைக்கு வந்தால், அது எக்காலத்தது என்பதை அதன் பெயர்த்தகடே பெரும்பாலும் சொல்லிவிடும். துருவையும் வண்ணப்பூச்சையும் வைத்து வயதை ஊகிப்பதைவிட, நிறுவனத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு தகட்டைப் படிப்பதே நம்பத்தக்க வழி.

தகட்டை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. எழுத்துகள் அழிந்தால் திரும்பக் கிடைக்காது. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்லத் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். அப்போதும் தெளிவாகத் தெரியாவிட்டால், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் தாளில் பதியும். இந்த வேலை எதற்கும் கருவியை மின்சாரத்தில் இணைக்க வேண்டியதில்லை. பழைய கம்பிகளின் உறை உதிர்ந்திருக்கலாம் என்பதால் இணைக்கவும் கூடாது.

அடுத்து, நிறுவனத்தின் முழுப் பெயரைக் கவனியுங்கள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1886-ல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கியபோது அது 'வெஸ்டிங்ஹவுஸ் எலெக்ட்ரிக் கம்பெனி'. 1889-ல் 'எலெக்ட்ரிக் அண்ட் மானுஃபேக்சரிங் கம்பெனி' என்றும், 1945-ல் 'எலெக்ட்ரிக் கார்ப்பரேஷன்' என்றும் பெயர் மாறியது. 1907-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் நிறுவனம் கடனில் சிக்கி, நிறுவியவரே தம் பிடியை இழந்தார். ஆனால் பெயர் மாறாததால், அந்தப் பெரிய திருப்பம் தகட்டில் எந்தத் தடயத்தையும் விடவில்லை.

இந்த மூன்று பெயர்களில் நடுப் பெயர் 56 ஆண்டுகள் நீடித்ததால், காலத்தைக் குறுக்கத் தகட்டிலுள்ள காப்புரிமை வரிகள் தேவைப்படுகின்றன. பழைய தகடுகளில் காப்புரிமை வழங்கப்பட்ட தேதிகளே பொறிக்கப்பட்டன. தேதிக்குப் பதிலாகக் காப்புரிமை எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1927-ல் மாறியது. ஒரு விசிறித் தகட்டில் நடுப் பெயரும், கடைசித் தேதியாக 1912-உம் இருந்து, எண் எதுவும் இல்லையென்றால், அது 1912-க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. 1920-களின் இறுதிக்குப் பின் செய்யப்பட்டிருக்கும் வாய்ப்பும் குறைவு. போட்டியாளரான ஜெனரல் எலெக்ட்ரிக்குடன் 1896-ல் காப்புரிமைப் பகிர்வு உடன்பாடு ஏற்பட்டதால், ஒரு காப்புரிமையைத் தேடும்போது அந்த நிறுவனத்தின் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.

மிகப் பழைய தகடுகளில் அலைவெண்ணுக்குப் பதிலாக, மின்னோட்டம் நிமிடத்துக்கு எத்தனை முறை திசை மாறுகிறது என்பதைக் குறிக்கும் 'ஆல்டர்னேஷன்ஸ்' கணக்கு இருக்கும். அந்த எண்ணை 120-ஆல் வகுத்தால் இன்றைய ஹெர்ட்ஸ் கிடைக்கும்: 7200 என்றால் 60, 3000 என்றால் நயாகரா மின்நிலையம் பயன்படுத்திய 25, 16,000 என்றால் ஏறத்தாழ 133. கடைசியாகச் சொன்ன 16,000 தென்பட்டால், மாறுதிசை மின்சாரத்தின் தொடக்கக் கால அமைப்புக்கென வடிவமைத்த கருவியைப் பார்க்கிறீர்கள் என்று கொள்ளலாம். அத்தகைய கருவிகள் பாதுகாக்கப்பட வேண்டியவை. தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பிற்காலப் பொருள்களுக்குச் சின்னமே போதும். வட்டத்துக்குள், முனைகளில் புள்ளிகளும் அடியில் கோடும் கொண்ட 'டபிள்யூ' எழுத்தைப் பால் ராண்ட் 1960-ல் வடிவமைத்தார். அது இருந்தால் அதற்கு முந்தைய பொருள் அல்ல. 'ஒயிட்-வெஸ்டிங்ஹவுஸ்' என்றிருந்தால், வீட்டு உபயோகப் பொருள் பிரிவு 1970-களின் நடுவில் ஒயிட் கன்சாலிடேட்டட் நிறுவனத்துக்கு விற்கப்பட்ட பிறகு வந்தது. 1997-ல் மூல நிறுவனம் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் பெயரைத் தன் பெயராக மாற்றிக்கொண்டது. வெஸ்டிங்ஹவுஸ் என்ற பெயர் மட்டும் உரிமத்தின் பேரில் வேறு உற்பத்தியாளர்களின் பொருள்களிலும் தொடர்கிறது. ஆகவே புதிதாகத் தோன்றும் பொருளில், உண்மையில் யார் செய்தது என்ற சிறிய எழுத்து வரியையும் படித்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பின் ஐயம் எஞ்சினால், தகட்டில் 'ஸ்டைல்' என்ற சொல்லுக்கு அருகிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் இடம்பெறும் பழைய விற்பனைப் பட்டியல்களைத் தேடுங்கள். பிட்ஸ்பர்க்கில் உள்ள ஹைன்ஸ் வரலாற்று மையத்தின் ஆவணக் காப்பகத்தில் இந்நிறுவனத்தின் புகைப்படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. எழுதிக் கேட்கும்போது பென்சிலில் எடுத்த தகட்டுப் படியையும் இணைத்து அனுப்புங்கள்.