தெருவோர வடிகால் சாக்கடை அல்ல

தென்சென்னையில் மடிப்பாக்கம், நாராயணபுரம், கீழ்க்கட்டளைப் பக்கம் பெய்கிற மழை ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் இது. இந்தச் சரிவில் குடியிருப்பவர்களுடைய வாளித் தண்ணீரும் இதே வழியில்தான் போகும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, மழைநீர் வடிகாலைச் சாக்கடை என்று நினைப்பது. பாதாளச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வடிகாலில் வடிகட்டி எதுவும் கிடையாது. அதில் விட்ட சோப்புத் தண்ணீரின் பாஸ்பேட்டும் கழிவுநீரின் நைட்ரஜனும் ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம். அது நீர்ப்பரப்பை மூடி, பிறகு அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன் சாகிறது. வண்டியைத் தெருவில் கழுவாமல் மண்தரையில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரில் துடைத்தாலே போதும். பழைய இன்ஜின் ஆயிலைக் கேனில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

செப்டிக் டேங்கில் நடப்பது இதைவிட மோசம். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். பலர் அந்தக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலில் இணைத்துவிடுகிறார்கள். பொங்கி வழிந்தால்தான் லாரியைக் கூப்பிடுவது இன்னொரு வழக்கம். அடியில் கசடு ஏறிவிட்டால் திடக்கழிவு படிய இடமில்லாமல் நீரோடு சேர்ந்தே வெளியேறும். ஆகவே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும்.

உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். 30க்கு 40 அடி கொண்ட அரை கிரவுண்டு மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான், அதாவது 15 மீட்டர் சொச்சம். பக்கத்து வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமே! குழிக்குப் பக்கத்திலுள்ள கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கழிவுநீரின் நைட்ரஜனிலிருந்து வரும் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பவர்கள் பரிசோதிக்காமல் அந்த நீரை எடுக்கவே வேண்டாம்.

மழைநீர் சேகரிப்புக் குழியில் வாஷிங் மெஷின் குழாயை விடுவது, அழுக்கை நேராக நிலத்தடி நீருக்கு அனுப்புவது மாதிரி. மொட்டைமாடி நீர் மட்டும் போகட்டும், அதிலும் முதல் மழை வேண்டாம். 1,000 சதுர அடி மாடியில் முதல் 2 மில்லிமீட்டர் மழையே ஏறக்குறைய 185 லிட்டர். தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில்தான் இருக்கும். குழாயில் வால்வு வைத்து அதை வெளியே விட்டுவிடலாம். வடிகட்டியின் மேல்மணலை அக்டோபருக்குள் அலசிவிடுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளிப் போடுவது வீண்வேலை. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது கணக்கு. 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் போதும். கலங்கலாக இருந்தால் முதலில் இறைத்துவிட்டுத் தெளிந்த பிறகு போட வேண்டும். பவுடரை வாளியில் குழைத்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும்.