ரெண்டு கிராபிக்ஸ் கார்டையும் மூச்சு விட வைத்த கதை

என்னிடம் இருப்பது இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, எஸ்எல்ஐ பாலம் (ரெண்டு கார்டும் சேர்ந்து ஒரே கேமை ஓட்ட வைக்கும் இணைப்பு) போட்டது. ஒவ்வொன்றும் 250 வாட். கேம் ஓடினால் 500 வாட் ஹீட்டர் ஒன்று கேபினெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். கீழ்க் கார்டு 70 டிகிரியோடு நிற்கும். மேல் கார்டு மட்டும் 84-ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டினேன். மேல் கார்டு மளமளவென்று இறங்கியது. ஆக, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டில் கோளாறு இல்லை, காற்றுதான் போதவில்லை. காரணம் எளிது: திறந்த கூலர் கார்டுகள் சூட்டைப் பெரும்பாலும் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டும். கீழ்க் கார்டு விட்ட சூட்டை மேலே இருப்பது உறிஞ்சும். புளோயர் வகையென்றால் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும், ஆனால் அந்த இரைச்சலைச் சகிக்க முடியாது.

இடைவெளி கிடைக்கக் கீழ்க் கார்டைக் கடைசி ஸ்லாட்டுக்கு மாற்றலாமென்றால் அங்கே எக்ஸ்4 (நான்கு டேட்டா பாதை) வேகம்தான். எஸ்எல்ஐக்குக் குறைந்தது எக்ஸ்8 வேண்டும். அதனால் முன்பக்கம் காற்றை மறித்த ஹார்ட் டிஸ்க் கூண்டைப் பிடுங்கினேன். 140 மிமீ ஃபேன்களைக் கார்டுகளின் உயரத்துக்கு இறக்கி மாட்டினேன். பின்னாலும் மேலேயும் வெளியேற்றும் ஃபேன்கள். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்று அதிகம் இருந்தால், ஃபில்டர் இல்லாத இடுக்குகள் வழியாகத் தூசி அவ்வளவாக நுழையாது.

பிறகு ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் மேல் கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை) 80 சதவீதமாக்கினேன். ஃபிரேம் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது மேல் கார்டு 75 பக்கம் நிற்கிறது, கதவை மூடியே.